முடிந்துபோன கண்காட்சிகளின் பதிவை மக்கள் பார்வைக்கு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருநகரங்களின் பேர்பெற்ற அருங்காட்சியகங்களை விட்டுவிடுவோம். ஒரு வட்டாரத்துக்கென்று இருக்கும் நடுத்தரமான, சின்னக் கலை அருங்காட்சியகம் எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது என்ன கண்காட்சி நடக்கிறது, அடுத்து என்ன வருகிறது, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பதையெல்லாம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் இதே கூடத்தில் என்ன மாட்டியிருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு தலைப்பு, இரண்டு தேதி, ஒரு சுவரொட்டிப் படம் கிடைக்கும். யாருடைய படைப்புகள், எத்தனை, யார் தேர்ந்தெடுத்தது, எங்கிருந்து இரவல் வந்தது, எதற்குப் பக்கத்தில் எதை மாட்டினார்கள் என்று அடுத்த கேள்வி கேட்டால் பதில் இருக்காது. அந்தக் காப்பாட்சியர் மாறிப் போய்விட்டார், கோப்பு எங்கேயோ இருக்கும், பழைய இணையதளத்தை மாற்றும்போது அந்தப் பக்கங்கள் போய்விட்டன என்பார்கள். இந்த நிலை மாற வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நடந்து முடிந்த ஒவ்வொரு கண்காட்சிக்கும் முழுப் பதிவு வேண்டும், அது யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும்.

ஓவியம் எங்கேயும் போய்விடாதே, கிடங்கில் பத்திரமாகத்தானே இருக்கிறது, பிறகு எதற்குப் பதிவு என்று சிலர் கேட்கிறார்கள். ஓவியம் இருக்கும், சரி. ஆனால் கண்காட்சி என்பது ஓவியங்களின் கூட்டல் மட்டும் இல்லையே. எந்த உயரத்தில் மாட்டினார்கள், நுழைந்ததும் கண்ணில் படுவது எது, எந்த இரண்டு ஓவியங்களை எதிரெதிரே வைத்தார்கள் என்பதில் ஒருவருடைய யோசனை இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. கடைசி நாள் மாலை படங்களைக் கழற்றி ஆணிகளைப் பிடுங்கியதும் அது அத்தனையும் போய்விடுகிறது. மறுபடி அதைப் பார்க்க ஒரே வழி, அது நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்து வைத்த படமும் எழுதி வைத்த குறிப்பும்தான்.

1915 டிசம்பரில் ரஷ்யாவின் பெத்ரோகிராத் நகரத்தில் '0,10' என்ற பெயரில் ஒரு கண்காட்சி நடந்தது. கசிமீர் மாலெவிச் என்ற ஓவியர் அதில் தன் 39 படைப்புகளை வைத்தார். அவருடைய 'கறுப்புச் சதுரம்' என்ற ஓவியம் முதன்முதலாக மக்கள் முன் வந்தது அங்கேதான். அந்த அறையைக் காட்டும் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் தப்பிப் பிழைத்திருக்கிறது. கூரையை ஒட்டி, இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், சற்றுக் குறுக்காகச் சாய்ந்து நிற்கிறது அந்தச் சதுரம். கீழே ஒரு சாதாரண மர நாற்காலி. ரஷ்ய வீடுகளில் அந்த மூலையில்தான் கடவுள் படத்தை வைத்துக் கும்பிடுவார்கள். அந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரத்தைக் கொண்டுபோய் ஏற்றியதுதான் மாலெவிச் செய்த பெரிய காரியம் என்று இன்று கலை மாணவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். ஓவியத்தை மட்டும் தனியாக எத்தனை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் இது தெரியாது. யாரோ ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போனதால் தெரிகிறது. அந்தப் படத்தில் மொத்தம் 21 படைப்புகள்தான் அடங்கியிருக்கின்றன. மீதியை எப்படி மாட்டியிருந்தார் என்று சொல்ல அதுபோல இன்னொரு படம் இல்லை.

இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. 1874 ஏப்ரல் 15 அன்று பாரிஸில் மோனே, ரெனுவார், தெகா, பிசாரோ, செசான், பெர்த் மொரிசோ ஆகிய ஓவியர்கள் எல்லோரும் சேர்ந்து நடத்திய கண்காட்சியைத்தான் இம்ப்ரெஷனிசம் என்ற ஓவிய இயக்கத்தின் தொடக்கம் என்கிறோம். நடந்த இடம் நாடார் என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்டுடியோ. அப்படிப்பட்ட இடத்தில் நடந்தும், உள்ளே படங்கள் மாட்டியிருந்த விதத்தைக் காட்டும் ஒரு புகைப்படம்கூட நமக்குக் கிடைக்கவில்லை! ரெனுவாரின் தம்பி எட்மோன் தயாரித்த சின்னக் கையேடு ஒன்று இருக்கிறது, அதில் எண், ஓவியரின் பெயர், தலைப்பு இவ்வளவுதான், தலைப்புகளும் பல இடங்களில் பொத்தாம் பொதுவாக இருப்பதால் எது எந்த ஓவியம் என்று ஆய்வாளர்கள் இன்றும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். 150 ஆண்டு நிறைவுக்காக 2024ல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் அந்தக் கண்காட்சியை மறுபடி நினைவுகூர்ந்து நடத்தியபோது அந்தக் கையேட்டையும் அன்றைய பத்திரிகை விமர்சனங்களையும் வைத்துத்தான் பெரும்பகுதி வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. பத்திரிகைகளுக்கு இதில் பங்கு இருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பாரிஸ், பெத்ரோகிராத் என்று தலைநகரங்களையே சொல்கிறேன், வட்டார அருங்காட்சியகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் அங்கேதான் அதிகம். புதிய விஷயத்தைத் துணிந்து முதலில் செய்து பார்ப்பது பல நேரம் சின்ன ஊர்தான். சால்வதோர் தாலி என்ற ஸ்பானிய ஓவியர் வரைந்த, உருகி வழியும் கடிகாரங்களின் ஓவியம் எல்லோருக்கும் தெரியும். இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அதைச் சுற்றி எப்போதும் கூட்டம் நிற்கிறது, ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் உயரமும் 33 சென்டிமீட்டர் அகலமும் மட்டுமே உள்ள குட்டி ஓவியம் அது. அமெரிக்காவில் அதை ஓர் அருங்காட்சியகச் சுவரில் முதலில் மாட்டியது நியூயார்க் இல்லை. 1931 நவம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு என்ற ஊரில் வாட்ஸ்வொர்த் அதீனியம் என்ற அருங்காட்சியகம் மாட்டியது. எவரெட் ஆஸ்டின் என்ற இளம் இயக்குநர் சர்ரியலிசத்துக்கு, அதாவது கனவுபோன்ற காட்சிகளை வரையும் கலை இயக்கத்துக்கு என்றே தனியாக நடத்திய கண்காட்சி அது, அமெரிக்க அருங்காட்சியகங்களில் அதுதான் முதல். நியூயார்க்கில் ஒரு தனியார் கேலரி அந்த ஓவியத்தை வைத்தது அடுத்த ஜனவரியில். ஹார்ட்ஃபோர்டுக்காரர்கள் தங்கள் கண்காட்சி ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள், அதனால் வரலாற்றில் அந்த ஊருக்குரிய இடம் அந்த ஊருக்கே கிடைத்தது. எடுத்து வைக்காத ஊர்களின் பெருமையெல்லாம் யார் கணக்கில் போய்ச் சேர்ந்ததோ!

நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் இந்தியக் கீழைக் கலைச் சங்கம் நடத்திய ஆண்டுக் கண்காட்சியில் ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியிலிருந்து பால் க்ளே, காந்தின்ஸ்கி, ஃபைனிங்கர், இட்டன் ஆகியோரின் படைப்புகள் கப்பலில் வந்து இறங்கின. ககனேந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ் போன்ற நம் ஓவியர்களின் படைப்புகளும் அதே கண்காட்சியில் இருந்தன. ஐரோப்பாவிலேயே பலருக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் பழகாத காலம். 2013ல் ஜெர்மனியின் தெஸ்ஸாவ் நகரத்தில் உள்ள பௌஹவுஸ் நிறுவனம் அந்தக் கல்கத்தா கண்காட்சியைப் பற்றியே ஒரு கண்காட்சி நடத்தியது. அதற்கு ஆதாரமாக இருந்தவற்றுள் முக்கியமானது அன்று கல்கத்தாவில் அச்சடித்த மெல்லிய கேட்லாக். அதையும் யாராவது பழைய பேப்பரோடு போட்டிருந்தால் இரண்டு நாட்டின் கலை வரலாற்றிலிருந்தும் ஒரு நல்ல பக்கம் கிழிந்து போயிருக்கும்.

பதிவு ஒழுங்காக இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் கலைக்கூடத்தைச் சொல்ல வேண்டும். அங்கே 1969 வசந்த காலத்தில் அதன் இயக்குநர் ஹரால்ட் ஸீமன் நடத்திய கண்காட்சியில் சட்டம் போட்ட ஓவியங்கள் தேடினாலும் கிடைக்காது. ஒருவர் உருகிய ஈயத்தைச் சுவரோரம் வீசி உறைய வைத்தார், இன்னொருவர் கட்டடத்துக்கு வெளியே நடைபாதையை உடைத்தார். ஊரே கொதித்தது, ஸீமன் வேலையை விட்டார். 44 ஆண்டு கழித்து, 2013ல், வெனிஸ் நகரத்தின் ஒரு பழைய மாளிகைக்குள் அதே கண்காட்சியை அறைக்கு அறை திரும்பக் கட்டினார்கள். எப்படி முடிந்தது? ஸீமன் எந்தத் துண்டுக் காகிதத்தையும் தூக்கிப் போடாதவர், கடிதம், வரைபடம், புகைப்படம் எல்லாம் இருந்தன. கிடைக்காமல் போன படைப்புகளுக்கு, அவை இருந்த இடத்தில் தரையிலும் சுவரிலும் விட்டுவிட்டுக் கோடு போட்டு எல்லை குறித்து வைத்தார்கள். இங்கே இன்ன அளவில் ஒன்று இருந்தது, இப்போது இல்லை என்று பார்ப்பவருக்குப் புரிந்தது. இல்லாததைக்கூட இவ்வளவு துல்லியமாகக் காட்ட முடிகிறது என்றால் அதற்குப் பின்னால் இருந்த கோப்புகளின் தரத்தை யோசித்துப் பாருங்கள்.

இதெல்லாம் வரலாற்று ஆர்வம், நடைமுறைக்கு என்ன பயன் என்பவர்களுக்கு இன்னும் அழுத்தமாகச் சொல்ல இருக்கிறது. ஓர் ஓவியத்தின் முன்பக்கத்தை நாம் பார்க்கிறோம், வேலை தெரிந்தவர்கள் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். அங்கே பழுப்பேறிய லேபிள்கள் ஒட்டியிருக்கும், இன்ன கண்காட்சி, இன்ன எண், இரவல் கொடுத்தவர் இவர் என்று. அந்த லேபிளை எந்தப் பட்டியலோடு ஒப்பிடுவது? கண்காட்சி நடத்திய இடத்தில் பட்டியல் இல்லை என்றால் லேபிள் வெறும் காகிதம். அசலா போலியா, திருட்டுப் பொருளா, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற விசாரணை எல்லாம் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

ஜேக்கப் லாரன்ஸ் என்ற கறுப்பின அமெரிக்க ஓவியர் 1954 முதல் 1956 வரை, தன் நாட்டு வரலாற்றை 30 சிறு பலகைகளில் வரைந்தார், ஒவ்வொன்றும் 12 அங்குலத்துக்கு 16 அங்குலம். பிறகு அவை தனித்தனியாக விற்கப்பட்டுச் சிதறிப் போயின. 2020ல் மாசசூசெட்ஸின் சேலம் என்ற சிற்றூரில் உள்ள பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகம் கிடைத்தவரை எல்லாவற்றையும் தேடிச் சேர்த்து ஒரு கண்காட்சி நடத்தியது. எந்த எண் பலகை எங்கே இருக்கிறது, எதைக் காணவில்லை, அதன் தலைப்பு என்ன என்று தெளிவாகச் சொல்லியே நடத்தினார்கள். அந்தக் கண்காட்சி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போனபோது, பார்க்க வந்த ஒருவருக்கு, தனக்குத் தெரிந்தவர்கள் வீட்டுச் சுவரில் இருப்பது இந்த வரிசையில் ஒன்றாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. விசாரித்தால் அதுவேதான், 16ஆம் எண் பலகை! 1960ல் நன்கொடைக்காக நடந்த ஓர் ஏலத்தில் வாங்கி, அறுபது வருடம் அந்த வீட்டிலேயே இருந்திருக்கிறது. அந்தச் செய்தி வெளியானதைப் பார்த்து இன்னொரு வீட்டிலிருந்து 28ஆம் எண்ணும் வெளியே வந்தது. காணாமல் போனவை எவை என்று எழுதி வைத்து ஊருக்குச் சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டுமே இன்னும் அந்த வீடுகளில் பெயர் தெரியாமல்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

நம் சிலைகள் விஷயமும் இதே கதைதான். சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004ல் வாங்கிக் காட்சிக்கு வைத்த கல் அர்த்தநாரீஸ்வரர், விருத்தாசலம் கோயிலில் இருந்தது என்று நிரூபிக்க உதவியது பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014ல் சிலை இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. ஒரு பொருள் ஒரு காலத்தில் எங்கே, எந்த நிலையில் இருந்தது என்று காட்டும் தேதியிட்ட படத்துக்கு அவ்வளவு பலம் இருக்கிறது.

இன்னும் ஒன்று. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் தட்டச்சு செய்த இரண்டு தொகுதிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தி நாஜி அரசு ஜெர்மனியின் பொது அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த 16,000க்கும் மேற்பட்ட படைப்புகளின் கணக்கு அது, முழுமையாகக் கிடைக்கும் ஒரே பிரதி. ஊர்வாரியாக அகர வரிசையில், ஆகன் நகரத்தில் தொடங்கி ஸ்விக்காவ் வரை போகிறது. வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் எத்தனையோ சின்ன ஊர் அருங்காட்சியகங்களின் பெயர் வருகிறது. ஓவியர், தலைப்பு, அப்புறம் ஓரத்தில் ஓர் எழுத்து. 'எக்ஸ்' குறி போட்டிருந்தால் அழித்துவிட்டார்கள் என்று பொருள். பறித்தவர்களே எழுதிய கணக்கு, இன்று தேடுபவர்களுக்கு அதுவே வழிகாட்டி. 2014ல் அதை முழுவதுமாக இணையத்தில் ஏற்றி எவரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். அவமானகரமான வரலாற்றின் பட்டியலையே இப்படித் திறந்து வைக்கிறார்கள். சாதாரணமான, நல்லபடியாக நடந்த ஒரு கண்காட்சியின் பட்டியலைப் பூட்டி வைக்க என்ன காரணம் இருக்க முடியும்?

பெயர்பெற்ற ஓவியர்களுக்குப் புத்தகங்கள் இருக்கும், ஏல நிறுவனங்களின் பதிவு இருக்கும், யாராவது ஆய்வு செய்வார்கள். வட்டாரத்துக்குள்ளேயே வாழ்ந்து, வட்டாரத்துக்குள்ளேயே வரைந்து, இரண்டு மூன்று குழுக் கண்காட்சிகளில் கலந்துகொண்டு மறைந்துபோன ஓவியருக்கு என்ன இருக்கிறது? அவர் பெயர் அச்சில் வந்ததே அந்தக் கண்காட்சியின் நாலு பக்கத் துண்டுப் பிரசுரத்தில்தான். அது போனால் அவர் இருந்ததற்கான சாட்சியே போய்விடும். சுயவிவரத்தில் இன்ன ஆண்டு இன்ன கண்காட்சி என்று எழுதிக்கொண்டு, நிரூபிக்க ஒரு காகிதம் இல்லாமல் நிற்கும் மூத்த கலைஞர்கள் எத்தனை பேர்! அந்தக் கவலையை அவர்கள் தலையில் போடுவது நியாயமே இல்லை, நடத்திய நிறுவனம்தான் அதைச் சுமக்க வேண்டும்.

யாரை அழைத்தார்கள் என்பது தெரிந்தால் யாரை அழைக்கவே இல்லை என்பதும் தெரிந்துவிடும். 1989ல் கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர் குழு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குள் போய் எண்ணிப் பார்த்து ஒரு சுவரொட்டி அடித்தது. நவீனக் கலைப் பகுதியில் உள்ள ஓவியர்களில் பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் நிர்வாண ஓவியங்களில் 85 சதவீதம் பெண்ணுடல்கள் என்றது அது. எண்ணிக்கை கையில் இருந்ததால் யாராலும் மறுக்க முடியவில்லை. எந்த வட்டார அருங்காட்சியகத்திலும் முப்பது வருடக் கண்காட்சிப் பட்டியல் திறந்திருந்தால் பெண்கள் எத்தனை பேர், கைவினைக் கலைஞர்களுக்கு எத்தனை முறை இடம் கொடுத்தார்கள், ஒரே ஐந்தாறு பேரையே திரும்பத் திரும்ப அழைத்தார்களா என்று மக்களே எண்ணிக்கொள்வார்கள். சில நிர்வாகிகளுக்கு இது சங்கடமாக இருக்கலாம். பொதுப் பணத்தில் நடக்கும் இடம், அந்தச் சங்கடத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

பணமில்லை, ஆளில்லை என்ற பதில் வரும் என்று தெரியும். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1929ல் தொடங்கிய நாளிலிருந்து நடத்திய 3,500க்கும் அதிகமான கண்காட்சிகளின் விவரத்தையும் ஆயிரக்கணக்கான படங்களையும் 2016ல் இணையத்தில் ஏற்றியது, அவர்களுக்கு வசதி இருக்கிறது, ஆவணக் காப்பகத்துக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். சின்ன இடத்தால் அந்த அளவுக்கு முடியாது. முடிய வேண்டும் என்றும் கேட்கவில்லை. இனி நடக்கப் போகும் கண்காட்சியிலிருந்து தொடங்கினால் போதும். மாட்டி முடித்த அன்று, கூட்டம் வருவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று ஒரு படம், அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுக்கட்டும், கையில் இருக்கும் போனே தாராளம். படைப்புகளின் பட்டியல் எப்படியும் இருக்கும், இரவல், காப்பீடு, போக்குவரத்துக்கு எல்லாம் அது இல்லாமல் வேலை நடக்காது. அதில் விலையையும் உரிமையாளர் முகவரியையும் நீக்கிவிட்டு வெளியிடட்டும். சுவரில் ஒட்டிய விளக்க உரைகள் கணினியில் தட்டச்சு செய்தவைதானே, அந்தக் கோப்பையும் சேர்த்து வைக்கட்டும். எந்தப் படம் எங்கே என்று பென்சிலில் போட்ட தரைப்படத்தை, வேலை முடிந்ததும் குப்பையில் போடாமல் ஸ்கேன் செய்யட்டும். கண்காட்சி ஒன்றுக்கு ஒருவருடைய அரை நாள் வேலை இது.

பழைய கண்காட்சிகளுக்கு முதலில் வெறும் பட்டியல் போதும். ஆண்டு, தலைப்பு, கலைஞர்களின் பெயர்கள். படங்களை வெளியிடக் காப்புரிமை தடை என்றால் படம் இல்லாமல் வெளியிடட்டும், கலைஞர்களின் பெயரைப் பட்டியலிட யாரும் தடை சொல்லப் போவதில்லை. கலைக் கல்லூரி மாணவர்களையும் ஓய்வுபெற்ற பணியாளர்களையும் கூப்பிட்டால் வருவார்கள், பழைய காப்பாட்சியர்கள் இருக்கும்போதே உட்கார வைத்துப் பேசிப் பதிவு செய்தால் கோப்பில் இல்லாத எவ்வளவோ கிடைக்கும். இதில் தள்ளிப்போடத்தான் கூடாது. சிடி படிக்கும் கருவியே இன்று பல அலுவலகங்களில் இல்லை, பழைய ஹார்டு டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடும். இணையதளத்தைப் புதுப்பிக்கும் ஒப்பந்தம் போடும்போது பழைய பக்கங்கள் அப்படியே வந்தாக வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். அருங்காட்சியகத்தில் இல்லாத பதிவு பல நேரம் பத்திரிகை அலுவலகத்தில் இருக்கிறது. கண்காட்சித் திறப்பு விழாச் செய்தி, விமர்சனம், உங்கள் புகைப்படக்காரர் எடுத்து அச்சில் வராமல் போன படங்கள் எல்லாம் உங்கள் நூலகத்தில் இருக்கும். அருங்காட்சியகங்கள் கேட்டு வந்தால் அவற்றைத் தேடி எடுக்க வழிசெய்து கொடுங்கள். இனி கண்காட்சிச் செய்தி போடும்போது ரிப்பன் வெட்டியவர் பெயரோடு நிறுத்தாமல் கலந்துகொண்ட கலைஞர்கள் அனைவரின் பெயரையும், நடக்கும் தேதிகளையும் போடுங்கள், மேடைப் படத்துக்குப் பதில் சுவரில் மாட்டிய படைப்புகள் தெரிகிற ஒரு படம் போடுங்கள். வாசகர்களும் வீட்டு அலமாரியில் பழைய கண்காட்சி அழைப்பிதழ், கையேடு, புகைப்படம் இருந்தால் பின்பக்கம் ஆண்டை எழுதி, நடத்திய அருங்காட்சியகத்துக்கு ஒரு பிரதியாவது அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்